இரவில் நெஞ்சு படபடப்பது ஏன்?

 

இம்முறை நான் எழுத எடுத்துக்கொண்டது உடம்பைப் பற்றிய ஒரு பாடம். நான் டாக்டர் அல்லன். மதரஸாவில் ஓதியதும், தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்ததுமே என் படிப்பு. கடையில் தராசு பிடித்துப் பழகிய கை இது. ஆயினும் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் ஒரு தொல்லையை மறைத்து வைத்துத் துன்பப்பட்டேன். நம் வியாபாரிகளில் இன்னும் பலர் அதையே மறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பேசிப் பார்த்து அறிந்தேன். ஆகவே டாக்டர்களிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே சொல்லுகிறேன்.

என் கதை

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்குப் பின் வந்த மாதங்களில் என் கடையின் பற்றுப் புத்தகம் தடித்தது, கல்லாப்பெட்டி மெலிந்தது. அப்போதுதான் இது தொடங்கிற்று. இஷா தொழுது, சாப்பிட்டுப் படுத்தால் தூக்கம் வரும். நடுச்சாமம் இரண்டு மணிக்குத் திடீரென விழிப்பு வரும். நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுவதுபோல் இருக்கும். சில சமயம் ஒரு அடி விட்டுப்போய், அடுத்த அடி குதித்து விழும். கை சில்லிட்டுப் போகும். "இதோடு முடிந்தது" என்று கலிமாவைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சுபுஹுக்கு எழுந்தால் ஒன்றும் இராது. கடை திறக்கப் போய்விடுவேன்.

வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்தேன். நெஞ்சில் தைலம் தேய்த்தேன். கண்ணேறு என்று ஒருவர் சொல்ல, கயிறும் கட்டிக்கொண்டேன். வீட்டில் மட்டும் சொல்லவில்லை. பிள்ளைகளின் தாயார் பயந்துவிடுவார் என்று எண்ணம்.

இந்த நிலையில் எனக்குத் தெரிந்த அரிசி வியாபாரி ஒருவருக்கு ஒரு காலை வாய் கோணி, வலக்கை விழுந்துவிட்டது. அவருக்கும் பல மாதங்களாக இரவில் நெஞ்சு துடிதுடித்துக்கொண்டு இருந்ததாம். அவரும் வாயு என்றே இருந்துவிட்டார். இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்கின்றி நடுங்கியதால் உள்ளே இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்கு ஏறிவிட்டது என்று டாக்டர்கள் சொன்னார்கள். இன்று அவர் தம் கடையில் உட்கார்ந்திருக்கிறார். கணக்கை மகன் எழுதுகிறான். காசோலையில் இடக்கையால் கையெழுத்துப் போடுகிறார்.

அவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று இரவுதான் என் வீட்டில் வாய் திறந்தேன். வீட்டுக்காரி சொன்னது: "நீங்க நடுராத்திரியில எந்திரிச்சு உக்காருறது எனக்குத் தெரியாதாக்கும்? ஆறு மாசமா நானும்தான் தூங்கல. நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன்." மறைத்துவிட்டோம் என்று நான் எண்ணியது என் பேதைமை.

இதயத்தை நடத்துவது யார்?

இதயம் நம் கட்டளைக்குக் காத்திராது. அதன் மேல் வலப்புற அறையில் சிறு தசைக் கணு ஒன்று உண்டு. அதுவே தானாக மின் துடிப்பை உண்டாக்கி இதயத்தை அடிக்கச் செய்கிறது. வெளியே உள்ள நரம்புகள் எதுவும் தலையிடாவிட்டால் அந்தக் கணு நிமிடத்திற்குச் சுமார் 100 முறை அடிக்கும். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் நாடி 60 முதல் 80 வரைதான் பெரும்பாலும் இருக்கிறது. ஏன்? அதைப் பிடித்து நிறுத்தும் ஒரு கை இருக்கிறது.

நம் உடம்பில் தானாக இயங்கும் நரம்பு மண்டலம் என்று ஒன்று உண்டு. மூச்சு, இதயம், குடல், வியர்வை, கண்மணி ஆகியவற்றை நாம் நினையாமலே அது நடத்துகிறது. அதற்கு இரு பிரிவுகள். ஒன்று பரிவு நரம்புகள். ஆபத்து வந்தால், ஓட வேண்டுமென்றால், சண்டையிட வேண்டுமென்றால் இவை முந்தி நிற்கும், இதயத்தை விரைவுபடுத்தும், சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியிலிருந்து அட்ரினலினை இரத்தத்தில் இறக்கும். மற்றொன்று துணைப்பரிவு நரம்புகள். உண்டபின் செரிக்கவும், ஓய்வு கொள்ளவும் இவை வேலை செய்யும். இவற்றில் பெரியது வேகஸ் என்னும் நரம்பு. மூளையின் அடியில் புறப்பட்டு, கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், குடல் என்று நெடுந்தூரம் போகிறது. நான் சொன்ன பிடித்து நிறுத்தும் கை இதுதான்.

லாரி ஓட்டுவோருக்கு இதைச் சொன்னால் எளிதில் விளங்கும். ஒரு கால் எண்ணெயை மிதிக்கிறது. ஒரு கால் பிரேக்கை மிதிக்கிறது. பகலில் முன்னது அதிகம், இரவில் பின்னது அதிகம். தராசின் சமநிலை என்று நாம் சொல்லும்போது முள் அசையாமல் நடுவில் நிற்பதை எண்ணுகிறோம். உடம்பின் சமநிலை அப்படிப்பட்டதன்று. சாமான் ஏற ஏறத் தட்டு ஏறி இறங்குவதுபோல், வேளைக்குத் தக்கபடி சாய்ந்து, திரும்பவும் மீள்வதே அதன் சமநிலை. சாய்ந்த தட்டு மீளாமல் நின்றுவிடுவதுதான் கோளாறு.

கனவில் கிடைத்த விடை

நரம்பு இதயத்தோடு பேசும் மொழி எது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. ஆஸ்திரிய நாட்டில் கிராஸ் நகரத்தில் ஆட்டோ லோவி என்ற விஞ்ஞானி இருந்தார். ஓர் இரவு தூக்கத்தில் அவருக்கு ஒரு சோதனை தோன்றியது. எழுந்து துண்டுக் காகிதத்தில் கிறுக்கிவிட்டுப் படுத்தார். காலையில் தம் எழுத்தைத் தம்மாலேயே படிக்க முடியவில்லை. அடுத்த இரவும் அதே எண்ணம் வந்தது. இம்முறை அவர் காகிதத்தை நம்பவில்லை. உடனே ஆய்வுக்கூடத்திற்குப் போய்விட்டார்.

இரண்டு தவளை இதயங்களை எடுத்து உப்புநீரில் துடிக்க விட்டார். முதல் இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார். அது மெதுவாயிற்று. அதைச் சூழ்ந்திருந்த நீரை எடுத்து, நரம்பே இல்லாத இரண்டாம் இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாயிற்று! நரம்பு ஒரு சரக்கை வெளியிடுகிறது, அந்தச் சரக்கே இதயத்தை அடக்குகிறது என்பது தெளிவாயிற்று. 1921-இல் இதை வெளியிட்டார். அந்தச் சரக்குதான் அசிட்டைல்கோலின். 1936-இல் இங்கிலாந்தின் ஹென்றி டேல் என்பவரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இப்னு சீனா நாடியைப் பற்றி விரிவாக எழுதினார். இதயத்திற்கான மருந்துகளைப் பற்றித் தனி நூலும் எழுதினார். இப்னு நஃபீஸ், இரத்தம் இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போய்த் திரும்புவதை 1242-இல் எழுதிவைத்தார். இதயத்தை அறிவுகொண்டு ஆராய்வது நமக்குப் புதிதன்று. ஓமத் தண்ணீரோடு நின்றுவிட்டது என்னைப் போன்றவர்களின் சோம்பல்.

இரவில் மட்டும் ஏன்?

முதலாவது, பகலிலும் இதயம் அடிக்கத்தான் செய்கிறது. சந்தடியில் நமக்குக் கேட்பதில்லை. இரவில் ஊர் அடங்குகிறது. இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் இதயம் நெஞ்சுச் சுவரை ஒட்டி வருகிறது. காது தலையணையில் அழுந்த, நாடியின் ஓசையே கேட்கிறது.

இரண்டாவது, தூக்கத்தில் வேகஸ் நரம்பின் கை ஓங்கி, நாடி குறைகிறது. அடிகளுக்கிடையே இடைவெளி கூடும்போது, முறை தவறிய அடி ஒன்று நடுவில் நுழைய இடம் கிடைக்கிறது. அதன்பின் சற்று நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் இதயத்தில் இரத்தம் கூடுதலாக நிறைவதால் அடுத்த அடி ஓங்கி விழுகிறது. "ஒரு அடி விட்டுப்போயிற்று" என்று நாம் பயப்படுவது பெரும்பாலும் இதுதான். நல்ல இதயம் உள்ளவர்களுக்கும் இது உண்டு.

மூன்றாவது, கனவு காணும் தூக்கத்தில் பரிவு நரம்புகள் திடீர் திடீரெனக் கிளம்பும். விடியலை நெருங்க நெருங்க இவ்வகைத் தூக்கம் அதிகம்.

நான்காவது, பயம். படபடப்பைக் கண்டு பயப்படுகிறோம். பயத்தால் அட்ரினலின் இறங்குகிறது. அதனால் படபடப்புக் கூடுகிறது. அதைக் கண்டு மேலும் பயம். வட்டிக்கு வட்டி ஏறுவதுபோல் இது ஏறும்.

வேறு காரணங்களும் உண்டு

எல்லாவற்றையும் பயத்தின் தலையில் போட்டுவிடக் கூடாது. நம்மிடையே காணும் காரணங்கள் இவை:

காப்பி, கடுந்தேயிலை. இவற்றிலுள்ள கஃபீன் பாதியாகக் குறையவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். இரவு ஒன்பது மணிக்குக் குடித்த காப்பியில் பாதி, நடுச்சாமம் இரண்டு மணிக்கும் இரத்தத்தில் நிற்கும்.

சிகரெட், கெத்தும் தண்ணீர், சளிக்கென்று வாங்கும் சில மாத்திரைகள், ஆஸ்த்மா மருந்து. இவை இதயத்தை விரைவுபடுத்தக்கூடியவை. கெத்தும் நம் கெடாவில் எளிதில் கிடைப்பதாலேயே சொல்லுகிறேன். அதைக் குடித்தால் உடம்புக்குத் தெம்பு என்று இளைஞர்கள் ஏமாறுகிறார்கள்.

நீரிழிவு. 2019-இல் நம் நாட்டில் எடுத்த சுகாதாரக் கணக்கின்படி, பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இது இருந்தது. இன்சுலினோ சில மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு இராச் சாப்பாட்டைத் தவறவிட்டால், நடுச்சாமத்தில் சர்க்கரை இறங்கி, வியர்த்து, நடுங்கி, நெஞ்சு படபடக்கும். உடனே மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்துச் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். நோன்பு மாதத்திற்கு முன்பே டாக்டரைப் பார்த்து மருந்து அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும். நீரிழிவு பல ஆண்டுகள் கட்டுக்கு அடங்காமல் இருந்தால் வேகஸ் நரம்பே பழுதடையும். அப்போது ஓய்விலும் நாடி விரைவாகவே நிற்கும்.

இரத்தக் குறைவு. என் கடைக்கு வரும் தோட்டத்து அக்கா ஒருவர், படுத்தால் நெஞ்சு இடிக்கிறது என்பார். சோதித்ததில் இரும்புச் சத்துக் குறைவு. சாப்பிட்ட கையோடு கடுந்தேயிலை குடிப்பது, உணவிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் ஏறவிடாமல் தடுக்கும். இதை நம் வீட்டுப் பெண்களுக்கும் சொல்லுங்கள்.

தைராய்டு சுரப்பி மிகுதியாக வேலை செய்தால் படபடப்பு, உடல் மெலிவு, கை நடுக்கம் ஆகியவை வரும். உரத்த குறட்டையும், நடுவே மூச்சு நின்று திணறி எழுவதும் உள்ளவர்களுக்கு, ஒவ்வொரு முறை மூச்சு நிற்கும்போதும் இதயம் தடுமாறும். இது அவருக்குத் தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவருக்கே தெரியும்.

எல்லைக்கு அப்பால் நடந்த ஒன்று

கெடாவை ஒட்டிய தாய்லாந்தில், அதன் வடகிழக்குக் கிராமங்களில், திடகாத்திரமான வாலிபர்கள் இரவில் படுத்துக் காலையில் இறந்து கிடப்பது நெடுங்காலமாக உண்டு. விதவைப் பேய் வந்து ஆண்களைக் கொண்டுபோகிறது என்று ஊரார் நம்பினார்கள். பேயை ஏமாற்றப் பெண்களைப்போல் உடுத்திக்கொண்டு படுத்தவர்களும் உண்டு. 1980-களில் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்கு வந்த தாய்லாந்துத் தொழிலாளர் 200 பேருக்கு மேல் இப்படி இறந்தார்கள்.

1992-இல் புருகாடா என்ற சகோதர டாக்டர்கள் இருவர், ஈ.சி.ஜி. படத்தில் தனி அடையாளம் காட்டும் ஓர் இதயக் கோளாற்றை விளக்கினார்கள். தாய்லாந்து வாலிபர்களிற் பலருக்கும் அதே அடையாளம் இருந்தது பின்னர் தெரிய வந்தது. பிறவியிலேயே இதயத்தின் மின்னோட்டத்தில் உள்ள குறை அது. வேகஸ் நரம்பின் கை ஓங்கும் தூக்க வேளையிலும், காய்ச்சலிலும் அது தலைகாட்டும். பேய் என்று இருந்தவரை ஒருவரையும் காக்க முடியவில்லை. பெயர் தெரிந்தபின், இதயத்தில் பொருத்தும் சிறு கருவியால் பலரைக் காக்க முடிகிறது.

இது அரிய நோய். படபடக்கும் எல்லோரும் இதை எண்ணி நடுங்க வேண்டாம். ஆனால் குடும்பத்தில் 45 வயதுக்குள் யாரேனும் தூக்கத்தில் திடீரென இறந்திருந்தால், அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். "அஜல் வந்தது" என்று பொறுத்துக்கொண்டது சரி. அதே குடும்பத்துத் தம்பிக்கு ஒரு ஈ.சி.ஜி. எடுப்பதும் சரிதான்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

படபடப்போடு நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, வாய் கோணல், பேச்சுக் குழறல், கை கால் விழுதல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும், விடியட்டும் என்று காத்திராதீர்கள். 999-ஐ அழையுங்கள். தாமே கார் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.

இவை இல்லாவிட்டாலும், நாடி தாளம் தப்பிக் கண்டபடி அடித்தாலும், அடிக்கடி வந்தாலும், வந்தால் நெடுநேரம் நின்றாலும் காலதாமதமின்றி டாக்டரைப் பாருங்கள். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். ஈ.சி.ஜி. எடுப்பார்கள், இரத்தத்தில் சர்க்கரை, தைராய்டு, இரத்த அளவு பார்ப்பார்கள். தேவைப்பட்டால் அலோர் ஸ்டார், சுங்கைப் பட்டாணி போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவார்கள். 24 மணி நேரம் நெஞ்சில் கட்டிக்கொள்ளும் சிறு பெட்டி ஒன்றும் உண்டு. நாம் தூங்கும்போது அது கணக்கு எழுதும்.

நான் எழுதிய கணக்கு

எனக்குச் சோதித்ததில் இதயம் நலமாகவே இருந்தது. முறை தவறிய அடிகள் சில இருந்தன; அவற்றால் தீங்கில்லை என்றார் டாக்டர். பிறகு, "ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் காப்பி, தேத்தண்ணீர்?" என்று கேட்டார். "மூன்று நான்கு இருக்கும்" என்றேன். "எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

பழைய பற்றுப் புத்தகம் ஒன்றை எடுத்து, 14 நாள் கணக்கு எழுதினேன். எத்தனை கிளாஸ், கடைசி கிளாஸ் எத்தனை மணிக்கு, இராச் சாப்பாடு எத்தனை மணிக்கு, எப்போது விழிப்பு வந்தது, நாடி நிமிடத்திற்கு எத்தனை என்று எழுதிவைத்தேன். நாடியை மணிக்கட்டில் பெருவிரலுக்கு நேர் கீழே இரண்டு விரல் வைத்து, ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். எண்ணிக்கையை மட்டுமன்றி, ஒழுங்காக அடிக்கிறதா என்பதையும் குறிக்க வேண்டும்.

ஒன்பது கிளாஸ், சகோதரர்களே! வந்த கடன்காரருக்கு ஒன்று, சரக்கு இறக்கிய டிரைவருக்குத் துணையாக ஒன்று என்று ஒன்பது. கணக்கு இன்னொன்றையும் காட்டிற்று. மொத்த வியாபாரிக்குப் பணம் கட்ட வேண்டிய நாளுக்கு முந்திய இரவுகளில் விழிப்புத் தவறாமல் வந்திருந்தது. நாடி 96, 104. மற்ற இரவுகளில் 70-ஐத் தாண்டவில்லை.

அஸருக்குப் பின் காப்பியை நிறுத்தினேன். இராச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்தேன். கடன் கணக்கை இரவில் பார்ப்பதை விட்டு, சுபுஹுக்குப் பின் பார்க்கலானேன். மொத்த வியாபாரியிடம் நேரில் போய்த் தவணை கேட்டேன், கொடுத்தார். அதைக் கேட்க வெட்கப்பட்டு எத்தனை இரவுகளைக் கெடுத்தேன்!

விழிப்பு வந்தால் செய்ய வேண்டியது

விளக்கைப் போட்டு உட்காருங்கள். ஆபத்தான அறிகுறி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில், நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். நிமிடத்திற்கு ஆறு மூச்சு ஆகும்படி ஐந்து நிமிடம் செய்யுங்கள். மூச்சை விடும்போது வேகஸ் நரம்பின் கை ஓங்குகிறது. இதை நீங்களே சோதிக்கலாம். நாடியில் விரல் வைத்துக்கொண்டு நீளமாக மூச்சு விட்டுப் பாருங்கள். அடி சற்று மெதுவாகும். முகத்தைக் குளிர்ந்த தண்ணீரால் கழுவினாலும் அந்த நரம்பு விழித்துக்கொள்ளும். உளூச் செய்து உட்கார்ந்தவர்கள் அந்த அமைதியை அறிவார்கள்.

ஒன்றை மறவாதீர்கள். இவை சோதனை செய்து, இதயம் நலம் என்று தெரிந்தவர்களுக்கான கைமுறை. சோதனைக்குப் பதிலாக இவற்றைச் செய்யக் கூடாது. என் படபடப்பும் அந்த அரிசி வியாபாரியின் படபடப்பும் நடுச்சாமத்தில் ஒன்றுபோலவே இருந்தன. இரண்டையும் பிரித்துக் காட்டியது ஐந்து நிமிடத்து ஈ.சி.ஜி. ஒன்றுதான். அதை நான் எடுத்தேன், அவர் எடுக்கவில்லை.

இதைப் படிக்கும் சகோதரர் யாருக்கேனும் இத்தொல்லை இருந்தால், இன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள். நாளைக் காலை கடை திறக்க ஒரு மணி நேரம் தாமதமானால் நஷ்டமில்லை. கிளினிக்கிற்குப் போய்விட்டு வந்து திறக்கலாம்.